இல்லாத ஓரிதழ்த்தாமரை

— முடியாது சார். ரெண்டும் ஒண்ணுன்னு நான் எழுத மாட்டேன்.

— இங்க பாருத்தா பாண்டிச்செல்வி, உன் கைடு சொல்றேன். ஓரிதழ்த்தாமரை ஒரே இனந்தான். மண்ணுக்கு மண்ணு கொஞ்சம் மாறும். அம்புட்டுத்தான்.

— மண்ணு ஒண்ணுதான சார்? கன்னிவாடிப் பாறையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணு, தண்டெல்லாம் முடி, அகல இலை. இன்னொண்ணு வழுவழுன்னு தண்டு, ஊசி இலை. நடுவாந்தரமா ஒரு செடி கூட நான் பாக்கல.

— பூவு?

— ரெண்டும் அதே ஊதா ஒத்த இதழ்தான். வயலட் குடும்பத்துல பூவ மட்டும் பாத்தா ஏமாந்துதான் போவோம்.

— நடுவாந்தரம் இல்லையா? அப்ப இந்தத் தாள்ல ஒட்டியிருக்கது என்ன? நானே அந்தப் பாறையில பறிச்சு, அமுக்கிக் காயவச்சு, ஒட்டுனது. தண்டுல முடி, இலை ஊசி. இத வச்சுத்தான் ரெண்டும் ஒண்ணுன்னு பேப்பர் போட்டேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாக. நீ என்ன புதுசா?

— லென்ஸக் குடுங்க சார்.

— நல்லாப் பாத்துக்க. அப்புறமும் வம்பு பண்ணுனா உன் தீசிஸ்ல என் கையெழுத்து விழுகாது. அம்புட்டுத்தான்.

— விழுகாட்டிப் போகுது. எங்கப்பாவோட தக்காளி பறிக்கப் போறேன். பொய் எழுத மாட்டேன்... சார், இந்த இலை இந்தத் தண்டுலருந்து வரல.

— என்ன ஒளறுற?

— நீங்களே பாருங்க. அடியில இன்னொரு தண்டு படுத்துருக்கு, வழுவழுன்னு. இலை அதோடது. முடித்தண்டோட அகல இலையெல்லாம் உதுந்து போச்சு. ரெண்டு செடி பின்னிக் கெடந்துருக்கு. சேத்துப் புடுங்கி, ஒரே செடின்னு ஒட்டிட்டீங்க.

— தள்ளு. பிரிச்சுப் பாக்குற ஊசி எங்க?

— மெதுவா சார், காஞ்ச இலை. நொறுங்கிரும்.

— ஆமாத்தா... ரெண்டு வேரு. ரெண்டு செடிதான்.

— கையெழுத்து?

— குடு, போடுறேன். இனி ஊரே என்னயப் பாத்துச் சிரிக்கட்டும். சரி, ஊசி இலைக்காரிக்குப் பேரு வைக்கணுமே? கண்டுபிடிச்சவ நீ. கன்னிவாடின்னு வைப்பியா?

— இல்ல சார், உங்க பேரத்தான் வைக்கப் போறேன். இப்பிடி ஒரு இனமே இல்லன்னு அடிச்சுச் சொன்னீங்கள்ல? இனி அது ராயப்பராஜ்ங்கிற பேர்லயே இருக்கட்டும்.