ஆலைச்சங்கின் புது ஆல்பத்துக்கு ஒரு கண்டனத் தீர்மானம்

மொதல் துரோகம், டிரம்ஸ்காரரைக் கழட்டி விட்டது. அது மூணாவது ஆல்பத்துல. ரெண்டாவது துரோகம், அஞ்சாவது ஆல்பத்துல வயலின் வெச்சது. நாப்பது வயலின் தோழர், நாப்பது! ராக் பேண்டு நடத்துறாங்களா, கல்யாண ரிசப்ஷன் நடத்துறாங்களா? மூணாவது, ஆலைக் கேட்டுக்கு முன்னால நாங்க தொண்டை கிழியப் பாடின பாட்டைத் துணி சோப்பு விளம்பரத்துக்கு வித்தது. "முதலாளியே வெளியே வா"ன்னு பாடின அதே வாய், "அழுக்கே வெளியே வா"ன்னு பாடிச்சு. நாலாவது, இதுதான் கடைசிக் கச்சேரின்னு கண்ணைக் கசக்கிக்கிட்டே மூணு கடைசிக் கச்சேரி நடத்தினது. மூணுக்கும் நான் போனேன், அது வேற விஷயம். அஞ்சாவது...

உக்காருங்க தோழர், ஏன் எழுந்துக்கறீங்க? கரண்டு மீட்டர் எங்க போயிடப் போகுது, ரீடிங்கை அப்புறம் எடுத்துக்கலாம். ஓடறது அதோட வேலைதான், ஆனா சுவத்துல ஆணியடிச்சுல்ல மாட்டியிருக்கு! அஞ்சே நிமிஷம். கீழ்க்கடைத் தையல்காரம்மாவும் ஒரு பொத்தானைத் தெச்சிட்டு வரேன்னாங்க. அவங்க ஒரு சாட்சி, நீங்க ஒரு சாட்சி.

ஒண்ணும் கையெழுத்தெல்லாம் போட வேணாம். காதால கேட்டாப் போதும். இது ஆலைச்சங்கு ரசிகர் சங்கம். விதி இருபத்திரெண்டு, ஒரு உறுப்பினரை நீக்கணும்னா சங்கத்துல இல்லாத ரெண்டு பேர் முன்னால அவரு பேரைச் சத்தமாப் படிக்கணும். கதவைச் சாத்திக்கிட்டு யாரையும் கழுத்தறுக்கக் கூடாது பாருங்க, அதுக்காக. யாரு எழுதின விதி? நான்தான். எல்லா விதியும் நான்தான். ஏழாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சிடுச்சு எனக்கு. அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்கற வேலை. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையிலதான். தெருவுல வாங்கிப் படிச்சது, நானே எழுதினது, போலீஸ் வந்தப்ப மென்னு முழுங்கினது. அதனாலயே இங்க எனக்கு 'துண்டறிக்கை'ன்னு பேரு. நல்ல பேருதான். கணக்கு வாத்தியாரை 'கணக்கு'ன்னு கூப்பிடறாங்க, அதுக்கு இது தேவல.

எங்க விட்டேன்? ஆங்... அஞ்சாவது துரோகம். புது ஆல்பம்.

பதினாலு வருஷம் கழிச்சு வருது தோழர். பாடறவருக்கு எழுபத்தொண்ணு. எங்க வழக்கம் என்னன்னா, முதல் கேட்பு. புது இசைத்தட்டு வந்தா யாரும் தனியாக் கேக்கக் கூடாது. எல்லாரும் இதே ரூம்ல, இதோ இந்த நாற்காலிங்கள்ல, சுவத்தைப் பாத்து உக்காரணும். பேசக் கூடாது. இருமல் வந்தா வெளிய போயிடணும். கேட்டு முடிச்சதும் அங்கயே கையைத் தூக்கி ஓட்டு. அப்புறம் முக்கியமா, தட்டோட உறையைப் படிக்கவே கூடாது! வெளிய எடுத்ததும் குப்புறக் கவுத்துடணும். உறையில எழுதறது யாரு? கம்பெனி. கம்பெனி எழுதினதைப் படிச்சுட்டுக் கேட்டா, அது கம்பெனி காது. நம்ம காது இல்ல. விதி ஒன்பது.

சரி, பிரிச்சோம். ஒன்பது பாட்டு, அதுக்கு ரெண்டு தட்டு! ஒரே தட்டுல அடங்கற சமாசாரத்துக்கு எதுக்குங்க ரெண்டு? பேராசை! ஊசி வெக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு கண்டனம் போட்டாச்சு.

வெச்சேன் ஊசியை. ஐயோ... பாட்டு கெளம்பவே மாட்டேங்குது! பாரவண்டி மேடு ஏறற மாதிரி முக்குது. கிட்டாரு கொட்டாவி விடுது. அப்புறம் அந்த மனுஷன் வாயைத் தொறந்தாரு பாருங்க... தொண்டைக்குள்ள அம்மிக்கல்லை உருட்டற மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு தூக்கம் போட்டு எழுந்துக்கலாம். எங்க உறுப்பினர் ஒருத்தர், பஸ் கண்டக்டரு, ரெண்டாவது பாட்டுலயே தூங்கிட்டாரு. தட்டு முடிஞ்சதும் கணக்கு மட்டும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "என்ன முதிர்ச்சி! மரணத்தை நேருக்கு நேர் பாத்துட்டாருய்யா"ங்கறாரு. நாப்பத்தெட்டு நிமிஷம்! மணி பாத்து எழுதி வெச்சேன்.

அன்னிக்கே துண்டறிக்கை அடிச்சேன். தலைப்பு, "ஆலைச்சங்குக்குச் சங்கு!" நல்லாயிருக்குல்ல? ஆயிரம் பிரதி. கச்சேரி ஹால் வாசல்ல, பஸ் ஸ்டாப்புல, ஆஸ்பத்திரியில கூடக் குடுத்தேன்.

மறுநாள் பத்திரிகைங்களைப் பாத்தா... அடேங்கப்பா! ஒருத்தன் எழுதறான், "இருபது வயசுத் துள்ளல்"னு. இன்னொரு மேதாவி, "மூச்சு வாங்க விடாத முப்பத்தாறு நிமிஷங்கள்"ங்கறான். முப்பத்தாறா? நாங்க நாப்பத்தெட்டு நிமிஷம் அவஸ்தைப்பட்டிருக்கோம், இவன் பன்னெண்டு நிமிஷத்தைக் கேக்காமலே விமர்சனம் எழுதிட்டான்! விடுவனா? ரெண்டாவது துண்டறிக்கை. "விலைபோன பேனாக்களே, மீதிப் பன்னிரண்டு நிமிடம் எங்கே?" ரசிகருங்க சும்மா இருந்தாங்களா? அதுவும் இல்ல. போன்ல பொடிப் பசங்க, "தாத்தாங்க பட்டையைக் கெளப்பிட்டாங்க"ன்னு குதிக்கறானுங்க. நான் என்ன நெனச்சேன்? ஒரு தலைமுறைக்கே காது போயிடுச்சுன்னு நெனச்சேன்.

அம்மா வந்துட்டீங்களா? வாங்க, இப்பிடி உக்காருங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்.

தோழர், மேல வரப்ப படியில ஒரு ஆளைத் தாண்டி வந்தீங்களே, சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியா... அவன்தான் பல்லு. பல்செட் கட்டறவன். இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சதே நானும் அவனும்தான். முப்பத்தொரு வருஷம். லாக்கப்புல ஒரே பாயில படுத்திருக்கோம். முதல் கேட்புக்கு அவன் வரல, ஏதோ ஒரு கெழவருக்கு அவசரமா மேல்வரிசை கட்டணும்னான். ரெண்டு நாள் கழிச்சு அவன் வீட்டு மெஷின்ல கேட்டுட்டு ஓடி வரான். "யோவ் துண்டறிக்கை, பறக்குதுய்யா! கையில இருந்த பல்லு ஆடிப் போச்சு"ங்கறான்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? எல்லார் முன்னாலயும். "எவன்கிட்டய்யா வாங்கின, எவ்வளவு வாங்கின?"

அவன் சட்டையில குத்தியிருந்த சங்கு பேட்ஜைக் கழட்டி மேஜை மேல வெச்சான். அதே கூட்டத்துல தீர்மானம், அதே கூட்டத்துல நீக்கம். இந்தம்மாதான் அன்னிக்கும் சாட்சி. பேரை நான்தான் படிச்சேன். ரொம்ப நல்லாப் படிச்சேன், நிறுத்தி நிறுத்தி...

இருங்க தோழர், பேனாவை மூடாதீங்க. முடிச்சிடறேன்.

அஞ்சு வாரம் ஓடிப் போச்சு. இன்னிக்குக் காலையில என் வீட்டுக்காரி இங்க பெருக்க வந்தா. பெருக்கறவ பெருக்கிட்டுப் போக வேண்டியதுதானே? மெஷினைத் தொடைக்கறேன்னு, ஓரத்துல ஒரு சின்ன விசை இருக்கு பாருங்க, அது மேல ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பிச்சிட்டா. பத்து வருஷத்துக்கு முன்னால நான் ஒட்டினது. யாராவது நோண்டி வேகத்தை மாத்திடப் போறாங்கன்னு, நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்துலயே நிக்கட்டும்னு. ஆலைச்சங்கு தட்டு எல்லாமே முப்பத்திமூணுதானே! நான் கத்தறேன். அவ காதுலயே போட்டுக்கல. கவுத்து வெச்சிருந்த உறையை எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துல போடவும்னு இவ்ளோ பெருசா எழுதியிருக்கே, நீங்க படிக்கலையா?"ங்கறா.

படிக்கலையாம்! விதி ஒன்பது இருக்கே, எப்பிடிப் படிப்பேன்?

அவளே விசையை நாப்பத்தஞ்சுக்குத் தள்ளினா. ஊசியை வெச்சா.

தோழர்... அதே குரல். ஆலைக் கேட்டுக்கு முன்னால, லாரி மேல நின்னுக்கிட்டுப் பாடினாரே, அதே குரல். என் கால் என்னைக் கேக்காம ஆடுது. அவ துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறா. சிரிச்சிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன், சிரிக்கவும் இல்ல. மணி பாத்தேன். முப்பத்தாறு நிமிஷம். சுளையா முப்பத்தாறு.

பேண்டுக்காரங்க பேர்லயும் தப்பு இருக்குங்க, இல்லாம இல்ல. நாப்பது வருஷமா முப்பத்திமூணுல போட்டுட்டு, சத்தம் தெளிவா இருக்கணும்னு திடீர்னு மாத்தினா, ஒரு பேட்டியில சொல்லக் கூடாதா? சொன்னாங்களாம். பேட்டி எல்லாத்தையும் நாம படிக்கறதில்ல, விதி பத்து. கணக்குக்கிட்டப் போயி விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நீங்க பாத்த மரணம் யாரோடது?"ன்னு கேட்டேன். "நம்ம மெஷினோடதா இருக்கும்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு.

அப்புறம் பல்லுகிட்டப் போனேன். போகாம? ஒரு பல்செட்டை வெச்சு ராவிக்கிட்டு இருந்தான். நிமிர்ந்து பாக்கல. நான் மன்னிப்புன்னு ஆரம்பிச்சேன். "மன்னிப்பெல்லாம் வேணாம்யா, அதை நீ மூணு பக்கத்துக்கு எழுதுவ. என் பேரைப் படிச்சேல்ல? அதே ரூம்ல, அதே மாதிரி ரெண்டு வெளியாளுங்க முன்னால, சரியான பேரைப் படி. நான் படியில உக்காந்து கேக்கறேன். கேட்டா மேல வரேன். கேக்கலைன்னா இப்பிடியே கீழ எறங்கிப் போயிடறேன்"னான்.

அதான் தோழர் விஷயம். காலையிலேர்ந்து மூணு பேரைப் பிடிச்சேன். தபால்காரர் ரெண்டாவது துரோகத்துலயே ஓடிட்டாரு. நீங்க ஒருத்தர்தான் இவ்வளவு தூரம்... தெரியுது, நீங்க பாக்கறது தெரியுது. கதையை வளத்துக்கிட்டே போறேன்னு. எத்தனையோ கூட்டத்துல எத்தனையோ பேரைப் படிச்சிருக்கேன், இந்தப் பேரு மட்டும் வாயில வர மாட்டேங்குது.

அம்மா, அந்தக் கதவை நல்லாத் தொறந்து விடுங்க. படி வரைக்கும் கேக்கணும்.

"விதி இருபத்திரெண்டின்படி, சாட்சிகள் இருவர் முன்னிலையில். ஐந்து வாரங்களாகச் சங்கத்தைப் பொய் கேட்க வைத்தும், உண்மை சொன்ன உறுப்பினரை விலைபோனவர் என்று பழித்தும் குற்றம் புரிந்தமைக்காக, இன்று முதல் நீக்கப்படுபவர்..."

எழுந்து நின்னுதான் படிக்கணும். இருங்க.

"நீக்கப்படுபவர், இச்சங்கத்தின் செயலாளர், துண்டறிக்கை."