சுனாபட்டி, கோலி நம்பர் ஏழு

“அம்மை குத்த வந்தவங்க எல்லாரும் சுனாபட்டியில எம் மச்சினன் வீட்டுக்குப் போயிட்டாவ அண்ணாச்சி. அங்க ஒருத்தருக்கும் நோவு கிடையாது.”

அறுபதுகளில் ஒரு காலை. என் மாமனாரின் சாவைப் பதிவு செய்வதற்காகப் பம்பாய் முனிசிபாலிட்டி ஜன்னல் வரிசையில் நின்றிருந்தேன். பேசியவர் எனக்கு முன்னால் நின்ற தாராவிக்காரர். சட்டையில் தோல் கிடங்கின் வாடை. கூட வந்திருந்த பெரியவர் கேட்டார்.

“அங்க எதுக்குப் போனாவ?”

“மூத்த மவ அம்மையில செத்தப்ப அந்த விலாசம்தான குடுத்தேன். ரிஜிஸ்டரப் பாத்து அங்க போயிருக்கான்.”

“தாராவின்னே சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னேன். இந்தக் குமாஸ்தா வீட்டுக்குக் கோலி நம்பர் கேட்டான். நம்ம தகரக் கொட்டகைக்கு ஏது நம்பரு? நம்பர் இல்லன்னா எழுத மாட்டானாம். எழுதின சீட்டு இல்லன்னா சுடுகாட்டுல எடுக்க மாட்டான்.”

“நம்ம பக்கம் ஊசிய எடுத்துக்கிட்டு ஒருத்தனும் வரலியே.”

“நம்ம பக்கம் அம்மையே இல்லன்னுல்லா ரிஜிஸ்டர்ல இருக்கு. இப்பம் ரெண்டாமத்தவனும் போயிட்டான்.”



“கைப்பிள்ள எப்படி இருக்கு?”

“விடியக்காலத்துல இருந்து உடம்பு சுடுது.”

வரிசை நகர்ந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துக்கொண்டே இந்தியில் விலாசம் கேட்டார்.

பெரியவர் தாராவிக்காரரின் தோளைத் தொட்டார். அவர் திரும்பவில்லை.

“சுனாபட்டி” என்றார். “கோலி நம்பர் ஏழு.”