குறுக்குப் பைப்பு

காபி ஆறிப்போகிறது, குடியுங்கள் சாம்ராஜ் அண்ணா. பைபிளோடு வந்திருக்கிறீர்கள், நல்லதுதான். ஒரே சபைக்காரர்கள் நாம். உங்கள் மகள் விஷயத்தில் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கல்லூரிப் பிள்ளைகள் மேடுபள்ளத்தில் ஓட்டச் செய்த பந்தய வண்டி, பக்கி என்பார்கள், உருண்டாலும் ஓட்டுபவரை நசுக்கக் கூடாது. அதற்கான இரும்புக் கூண்டை வரைந்த வாத்தியார் நான். உங்கள் தபிதா அதைக் கம்ப்யூட்டரில் உருட்டிப் பார்த்தாளாம். கூண்டு தாங்காது என்று திரையெல்லாம் சிவப்பாகிவிட்டதாம்.

"சார், சீட்டுக்குப் பின்னால குறுக்கா ஒரு பைப்பு வேணும். இல்லன்னா கூண்டு ஒரு பக்கமா சாஞ்சிக்கினு வந்துடும் சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவளோடு படிக்கும் கிரண்குமார்தான், "சார் கூண்டு கோழி அடைக்கத்தான் ஆவும்" என்றான். ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. தபிதாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. நல்ல வளர்ப்பு அண்ணா.

குறுக்குப் பைப்பை வெல்டிங் வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலசமுத்திரம் பக்கம், வற்றிய ஏரியில் தபிதா ஓட்டினாள். ஒரு மேட்டில் ஏறி வண்டி உருண்டது, கூண்டு சாய்ந்தது. இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறாள். குறுக்குப் பைப்பை யாரோ அறுத்து, மேலே ஸ்பாஞ்ச் சுற்றி மறைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அறுத்தது யார் என்று அறிய, கிரணின் அப்பா எங்கள் எல்லோரையும் காணிப்பாக்கம் கோவிலுக்குக் கூட்டிப்போனார். பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினவன் உருப்படமாட்டான் என்பது இந்த ஜில்லாவின் நம்பிக்கை. பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே குளத்தில் முழுகினார்கள். நானும் முழுகி, "நான் தொடவில்லை" என்றேன். ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை. நமக்கு அது வெறும் தண்ணீர்தானே? ஊர் நம்பியது. நீங்கள் ஒருவர்தான் இந்த பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

வேதத்தின்மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டேன். வண்டி உருண்டதற்கு முந்தின நாள் பைப்பை அறுத்தவன் நான்தான். அவள் ஓட்டி முடித்ததும் எல்லார் முன்னாலும் ஸ்பாஞ்சை உரித்து, "பார்த்தாயா, உன் பைப்பு இல்லாமலே ஓடியிருக்கிறது" என்று காட்ட இருந்தேன். அவ்வளவுதான் என் எண்ணம். மேட்டில் அத்தனை வேகமாக ஏறச் சொன்னது யார்?

அவளுக்காக முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளிடம் போய்ச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா: நான் அறுத்தது அவள் வைத்த பைப்பை மட்டும்தான். நான் வரைந்த கூண்டில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.