கப்பித்தானின் வாயில் முள் இல்லை

அவைக்குத் தலைமை தாங்குபவரும், அடுத்த வளவில் இருந்துகொண்டு என் குழப்படியையெல்லாம் பொறுத்துக்கொள்பவருமான பெருந்தகை பஸ்ரியாம்பிள்ளை ஐயா அவர்களே! கடலோடு கதைத்துக் கறுத்த பெரியோர்களே! கறிக்கு உப்பும் கதைக்கு உறைப்பும் அளந்து போடும் தாய்மாரே! கதிரை இருந்தும் மதிலோடு சாய்ந்து நிற்கும் அண்ணைமாரே! உங்கள் அனைவருக்கும் நிலுஜாவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

‘எங்கள் தீவின் எழில்’ என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். மன்னியுங்கள். நான் ஒரு பூனையின் வாயைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பீர்கள்தானே! போன வருட விழாவில் ஒலிவாங்கிக்குள் பூனை போலக் கத்தியவள் நான். ஆனால் இன்று நான் விடுவது பகிடி அல்ல. எனக்கு விழுந்த இடி!

தலைவர் ஐயாவின் பூனை கப்பித்தானை அறியாதவர் இந்த மண்டைதீவில் உண்டா? வள்ளம் கரை தட்டுமுன் வந்து நின்று வரி வாங்கும் வீரன் அல்லவா? அந்த வீரனின் வாயில் ஒருநாள் வீணீர் ஒழுகியது. உடனே நாம் என்ன சொன்னோம்?

ஓம், நீங்களே சொல்லிவிட்டீர்கள். முள்ளு!

“சூடை முள்ளுத்தான், பாருங்கோவன்” என்றார் அயல்வீட்டு மேரிறோஸ் அன்ரி. ‘முள்ளு’ என்று முதலில் கத்தியது நான், முடித்து வைத்தது அவர். மீன் பிடிக்கிற ஊரில் வேறு வருத்தமே வராதா? இருமினால் முள். விக்கினால் முள். பூனை கொட்டாவி விட்டாலும் முள்! சோற்றை உருட்டித் திணித்தோம். வாழைப்பழத்தை மசித்துத் திணித்தோம். பின்னங்காலில் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டினோம். ஒவ்வொரு முறையும் ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது: “இறங்கிட்டுது!” இறங்கியது எது? முள்ளா? இல்லை, அவையோரே! இறங்கியது பூனையின் நிறை!

வாய் நாறியது. வாய்க்குக் கீழே நாடி வீங்கியது. வீணீரில் இரத்தம் கலந்தது. அதற்குப் பிறகுதான் ஐயாவும் நானும் ஓலைக் கடகத்தில் வைத்துப் பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டணம் போனோம். மிருக வைத்தியர் ஜெயந்தா நாடியைப் பிடித்தார். நாடித்துடிப்பை அல்ல, வீங்கிய நாடியையே பிடித்தார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

“முள்ளு இல்லை ஐயா. நாக்குக்குக் கீழை கட்டி. துண்டொண்டு எடுத்து அனுப்பிப் பாப்பம்.”

பதில் வந்த அன்று மறுபடி போனோம். புற்றுநோய்!

புற்றுநோயா? பூனைக்கா? வெற்றிலை போட்டதா? புகையிலை சப்பியதா? திகைப்பில் என் வாய் தன் பழைய வேலையைக் காட்டியது. “ஏன் டொக்டர், சுருட்டுக் குடிச்சதோ?” என்று கேட்டுவிட்டேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. “வீட்டிலை ஆர் சுருட்டுக் குடிக்கிறது?” என்று கேட்டார்.

வீட்டில் சுருட்டுக் குடிப்பவர் ஐயாதான். ஐயா மெல்லச் சொன்னார்: “நான் அதுக்கு ஒருநாளும் குடுக்கேல்லையே, டொக்டர்.”

பார்த்தீர்களா, இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

“புகை மயிரிலை படியும், பூனை தன்னைத்தானே நக்கும். அது கூடாது எண்டுதான் சொல்லுகினம். ஆனா உங்களாலைதான் வந்தது எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது” என்றார் டொக்டர். “சின்னனாக் கிடக்கேக்கை வந்திருந்தா வெட்டி எடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப நாக்கடி முழுக்கப் பிடிச்சிட்டுது. மாத்த ஏலாது. நோவைக் குறைக்கலாம். அதுவும் வைத்தியந்தான்.” நோவுக்கு ஒரு போத்தல் மருந்து தந்தார். சாப்பாட்டைக் கூழாகக் கரைத்து வாயில் தீத்தச் சொன்னார்.

என்ன அண்ணை? பனடோல் குடுத்தால் காணாதோ என்கிறீரோ? ஐயையோ! உமக்கு மருந்து, பூனைக்கு நஞ்சு! துண்டு உடைத்தும் கொடுத்துவிடாதேயும்!

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா. இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். அவையோரே, அந்த மருந்துப் போத்தலின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை! ஐயாவின் அலுமாரிக்குள் கிடக்கிறது. கேட்டால், “முள்ளுத்தான் பிள்ளை, தானா இறங்கும்” என்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறார்? முள் என்றால் பழி மீனுக்கு. நோய் என்றால் பழி தனக்கு என்று நினைக்கிறார்.

ஐயா! பழியைப் பங்கிட நான் இந்த மேடையில் ஏறவில்லை. உங்கள் சுருட்டா, வேறெதுவா, ஆருக்குத் தெரியும்? டொக்டரிடம் போகச் சுணங்கியது நீங்கள் மட்டுமா? ஊரே சுணங்கியது! மண்டைதீவில் இத்தனை மண்டைகள் இருந்தும் ஒரு மண்டைக்காவது, நாக்கைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியதா? கப்பித்தான் உங்களில் குற்றம் பார்க்கிறதா? நோவோடு வந்து உங்கள் மடியில்தானே படுக்கிறது! அந்த மடி, மருந்து தர மறுக்கலாமா?

தாய்மாரே, வீட்டுக்குப் போனதும் உங்கள் பூனையைப் பாருங்கள். வீணீர் ஒழுகுகிறதா? வாய் நாறுகிறதா? நாடி வீங்குகிறதா? காயம் ஆற மறுக்கிறதா? உருட்டிய சோற்றைக் கீழே வையுங்கள்! கடகத்தை எடுங்கள்! டொக்டரிடம் ஓடுங்கள்! முள்ளென்று முடிவு கட்டி முழுசாய் ஓர் உயிரை இழக்காதீர்கள்!

ஏன் ஐயா எழும்புகிறீர்கள்? கோபமோ? என்ன சொல்கிறீர்கள்?

அவையோரே, ஐயா என்னிடம் கேட்கிறார்: “எத்தினை துளி, பிள்ளை?”

போத்தலிலை எழுதிக் கிடக்கு ஐயா. முதல் கொஞ்சம் கூழ் தீத்தவேணும். நில்லுங்கோ, நானும் வாறன். பிடிக்க ஒராள் வேணும்.

பெரியோர்களே, தலைவரும் போகிறார், பேச்சாளரும் போகிறார். ஆராவது ஏறி விழாவை நடத்துங்கள். பகிடிக்காரி என்று எழும்பிப் போகாமல் இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்! ஐயா, மெல்ல இறங்குங்கோ, படி உயரம்!