ஈட்டு விசில்

உங்கள் போலீஸ் நிலையக் காபி மோசமில்லை, டிக்கர்சன். இருபத்திரண்டு வருடமாக இந்தியானா மாநிலத்துக் கல்லூரி அரங்குகளில் காபி என்ற பேரில் கொடுக்கும் வெந்நீரைக் குடித்தவன் சொல்கிறேன். நடந்ததை ஒன்றுவிடாமல் என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இந்த மஞ்சள் தாளும் பேனாவும் போதும், வக்கீல் வேண்டாம். என் முடிவை எடுத்துச் சொல்ல எனக்கு இதுவரை இன்னொரு ஆள் தேவைப்பட்டதில்லை.

என் பெயர் க்ளென் ஹோஸ்டெட்லர். பகலில் காது கேளாதவர்களுக்குக் கருவி விற்கிறேன். மாலையில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போய், கண் தெரியாதவன் என்று ஏச்சு வாங்குகிறேன். ஏசுகிறவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள்தான். ஓர் ஆட்டத்தில் நாங்கள் மூன்று நடுவர்களும் சேர்ந்து நூறு தடவையாவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதில் இரண்டு மூன்று தவறிப்போகும். தவறினால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் இல்லை, ஆனால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஓர் அணிக்கு எதிராகத் தப்பாக ஊதிவிட்டால், சற்றுப் பொறுத்து மற்ற அணிக்கு எதிராகவும் ஒன்று ஊதி நேர் செய்துவிடுவோம். எங்களுக்குள் அதற்கு ஈட்டு விசில் என்று பேர். மற்ற நடுவர்கள் செய்துவிட்டு இல்லை என்று சாதிப்பார்கள். நான் செய்வேன், ஒப்புக்கொள்ளவும் செய்வேன். பாரபட்சம் பார்க்கிறவன் என்று இன்றுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

ஜனவரியில் ஹாரோ க்ரீக் கல்லூரிக்கும் செயின்ட் ஓடில் கல்லூரிக்கும் ஆட்டம். ஹாரோ க்ரீக்கின் பயிற்சியாளர் வெர்னன் கிரிஸ்வோல்ட், அறுபத்துமூன்று வயது, எதற்கெடுத்தாலும் கழுத்து சிவக்கக் கத்துகிறவர். பயிற்சியாளர் நிற்பதற்கென்று ஆடுகளத்தை ஒட்டிக் கோடு போட்டு ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கும். அதைத் தாண்டினால் முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை டெக்னிகல் ஃபவுல், அதாவது யாரும் மறிக்காமல் கூடையில் எறிய எதிரணிக்கு ஒரு வாய்ப்பு. வெர்னனுக்கு முதல் பாதியிலேயே எச்சரிக்கை கொடுத்திருந்தேன்.

ஆட்டம் முடிய நாற்பது நொடி இருந்தது. இரண்டு அணியும் அறுபது புள்ளி. வெர்னன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்து, ஆடுகளத்துக்குள் குப்புற விழுந்தார். பாதம் மட்டும் கட்டத்துக்குள் இருந்தது, மற்றதெல்லாம் வெளியே. நான் ஊதினேன்.

“க்ளென், அந்தாளு மூச்சு விடல!” என்று அலறினாள் மார்லா. ஒன்பது வருடமாக என்னோடு ஊதுகிற சக நடுவர். நல்ல கண், ஆனால் பதற்றக்காரி.

“மூச்சு விடாட்டியும் கோட்டுக்கு வெளியதான இருக்காரு” என்றேன்.

முதலுதவிக்காரர்கள் இருதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியோடு கோட்டருகே வந்து நின்றார்கள். நடுவர் கைகாட்டி அழைக்காமல் அவர்கள் ஆடுகளத்துக்குள் கால் வைக்கக்கூடாது. நான் அழைக்கவில்லை. ஃபவுல் ஊதியாகிவிட்டது, முதலில் அந்தப் பந்தை எறிந்து முடிக்க வேண்டும். செயின்ட் ஓடில் பயிற்சியாளர் டேல் ஓபர்மையர் ஓடிவந்தார்.

“விட்டுத்தொலைடா க்ளென்! அந்தப் பாயின்ட் எங்களுக்கு வேணாம்டா!”

அவரும் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருந்தார். அவருக்கும் ஓர் எச்சரிக்கை கொடுத்தேன். எறிய வந்த ஆட்டக்காரன் அழுதுகொண்டிருந்தான். உள்ளே போகக்கூடாது என்றே கண்ணை மூடிக்கொண்டு மேலே விட்டெறிந்தான். பந்து விளக்கை முட்டுகிற உயரத்துக்குப் போய், நேராகக் கூடைக்குள் இறங்கியது. அந்தப் புள்ளியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் கைகாட்டினேன். வெர்னனைத் தூக்கிப்போன பின் மீதி நாற்பது நொடியையும் ஆட வைத்தேன். பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கூடைப் பக்கம் ஒருவன் போகவில்லை. அறுபத்தொன்றுக்கு அறுபது என்று ஹாரோ க்ரீக் தோற்றது.

மூன்றாம் நாள் எங்கள் கூட்டமைப்பிலிருந்து மதிப்பீடு வந்தது. நான் ஊதியதில் முப்பத்தேழு சரி, ஒன்று தப்பு. உடம்புக்கு முடியாமல் விழுகிறவர் கட்டத்தைத் தாண்டியதாக ஆகாதாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்னை ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். இந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. வாரம் மூன்று நாள் பனியில் இருநூறு மைல் காரோட்டிப் போய்த் திட்டு வாங்க யார் வருவார்கள்?

வெர்னனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். நினைவில்லாமல் கிடந்தார். அவர் மனைவி ட்வைலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?”

“தப்பு என்னோடதுதான் மேடம். அதுக்கு ஈடு கட்டிடறேன்.”

“எதைய்யா ஈடா கட்டுவீங்க? இவருக்குப் பதிலா யாரக் கொண்டுவந்து இப்படிப் படுக்க வைப்பீங்க?”

அழுகையோடு கேட்டதுதான். ஆனால் காரில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு ஆட்டம் நன்றாகவே புரிந்திருந்தது.

பிப்ரவரியில் அதே இரண்டு அணிகளும் செயின்ட் ஓடில் அரங்கில் மோதின. கேட்டு வாங்கி அந்த ஆட்டத்துக்குப் போனேன். டேல் மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். தங்கமான மனிதர். போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து பெர்சிமன் பழப் புட்டிங் வந்தது, நன்றாக இருந்தது. கோபம் இருந்திருந்தால் நான் வேறு நடுவரைப் போடச் சொல்லியிருப்பேன். கோபத்தோடு ஊதுவது தொழிலுக்கு அழகில்லை.

முதல் பாதியில் டேலுக்கு ஒரு காரணமும் இல்லாமல் எச்சரிக்கை கொடுத்தேன். வெர்னனுக்கு ஓர் எச்சரிக்கை இருந்ததே, இவருக்கும் இருக்க வேண்டாமா? இடைவேளையில் மேசைக்குப் பூசும் எலுமிச்சை பாலிஷை ஒரு துணியில் எடுத்துப்போய், அவருடைய கட்டத்தின் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தேன். தரையைச் சரிபார்ப்பது நடுவரின் பொறுப்பு என்பதால் யாரும் எதுவும் நினைக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், இவ்வளவு அக்கறையான நடுவரைப் பார்த்ததே இல்லை என்று கைதட்டினார்.

அந்த மூலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எதிரணி ஆள் கூடைக்கடியில் மூன்று நொடிக்கு மேல் நின்றால் நாங்கள் ஊத வேண்டும். ஊதாவிட்டால் டேல் அந்த மூலைக்கு வந்து காலைத் தூக்கித் தரையை உதைப்பார், பதினைந்து வருடப் பழக்கம். ஆட்டக்காரர்களுக்கு ரப்பர் காலணி. டேல் போடுவது வழவழப்பான தோல் காலணி. ஹாரோ க்ரீக் ஆள் ஒருவன் கூடைக்கடியில் போய் நின்றான். நான் ஊதவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று மனதுக்குள் எண்ணினேன்.

“யோவ் க்ளென், அவன் அங்க குடித்தனமே வச்சுட்டான்யா! போய் வாடகையாவது வாங்கு!” என்று கத்திக்கொண்டே டேல் வந்தார். அரங்கமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

எட்டாவது நொடியில் காலைத் தூக்கினார். இடுப்பு முதலில் விழுந்தது, அடுத்தது பின்மண்டை. சறுக்கிக்கொண்டு கட்டத்துக்கு நான்கடி வெளியே போய்க் கிடந்தார். ஊதினேன்.

முதலுதவிக்காரர்களை உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன். வெர்னனுக்கு எவ்வளவு தாமதமாயிற்று என்று காணொளியைப் பார்த்து அளந்து வைத்திருந்தேன், இரண்டு நிமிடம் பத்து நொடி. மார்லா கையைப் பிடித்து இழுத்துவிட்டதால் டேலுக்கு இரண்டு நிமிடம் நான்கு நொடிதான் கிடைத்தது. அந்த ஆறு நொடி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஹாரோ க்ரீக் ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும். பத்தொன்பதில் ஜெயித்தார்கள். அது என் கையில் இல்லை.

“க்ளென், உன் கையில ஏன் எலுமிச்ச வாசன வருது?” என்று உடை மாற்றும் அறை வாசலில் வைத்து மார்லா கேட்டாள். சொன்னேன். கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது அவள்தான். அதுவும் சரியான முடிவுதான், அவளை நான் குறை சொல்லவில்லை.

இதுவரை எழுதி முடித்தபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள். வெர்னன் இன்று காலை போய்விட்டார் என்றீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, நீங்களும் பார்த்தீர்கள். டேல் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“கண்ணத் தொறந்துட்டாரு. பொழச்சுக்குவாரு” என்றீர்கள். பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டீர்கள். “தப்பா ஊதுனது நீ. ஈடு கட்டணும்னா நீதானய்யா விழுந்திருக்கணும்? டேல் உனக்கு என்ன பண்ணாரு?”

நீங்கள் கூடைப்பந்து பார்க்கிறவர் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆட்டத்தின் நடுவே பந்து நடுவர் மேல் பட்டால், அது தரையில் பட்டதாகத்தான் கொள்ள வேண்டும். ஆட்டம் நிற்காது. விதிப்புத்தகமே அப்படிச் சொல்கிறது. அடிபடுவதும் ஜெயிப்பதும் தோற்பதும் இரண்டு அணிகளுக்குத்தான். நான் இரண்டிலும் இல்லை, டிக்கர்சன். நான் தரை.

ஆகவே, பாலிஷ் பூசியது நான். ஊதாமல் இருந்து டேலை அந்த மூலைக்கு வரவைத்தது நான். இரண்டு பேருக்கும் உதவி போகாமல் தடுத்தது நான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். தவறு என்று பார்த்தால் ஜனவரியில் ஊதிய அந்த ஒரு விசில் மட்டும்தான், அதையும் நேர் செய்துவிட்டேன் என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன். இப்போது வெர்னன் போய்விட்டார், டேல் இருக்கிறார். டேல் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேட்டால் இங்கே ஒருவரும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறீர்கள்.