ஒரு பிட் படம்

கிட்ட வந்து உட்காருங்கள். கதவைத் தாழ் போட்டாயிற்று, நானே பார்த்தேன். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது.

மணி பகல் இரண்டு. ராத்திரி இல்லை... பட்டப்பகல். மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் போகும் சாலை. ஒரு வண்டி இல்லை, ஈ காக்கை இல்லை. அங்கே இருந்தது அவர் கடை ஒன்றுதான். கெட்டுப்போன மெமரி கார்டிலிருந்து படங்களை மீட்டுத் தருவது தொழில். தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. குடிக்கிற தண்ணீரையும் மூன்று தடவை முகர்ந்து பார்க்கிற ஆசாமி.

அதற்கும் காரணம் உண்டு. ஒரு தடவை அவசரப்பட்டுத் திறந்து, யாரோ ஒருவரின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அவர் கையாலேயே பாழாகிவிட்டன. அன்றோடு சூடு கண்ட பூனை ஆகிவிட்டார். எந்தக் கோப்பையும் எடுத்தவுடன் திறப்பதில்லை. படக் கோப்பின் தலைப்பகுதியிலேயே அது என்ன வகை, எத்தனை வண்ணம் கொள்ளும், அதாவது எத்தனை பிட் என்பதெல்லாம் எழுதியிருக்கும். அதை மட்டும் படித்துச் சொல்ல ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார்.

அன்று ஓர் அம்மா வந்தார். கையில் ஓரம் உருகிய கார்டு. கருகிய பிளாஸ்டிக் வாடை.

"என் புருஷன் வீட்டோட எரிஞ்சு போயிட்டார் தம்பி. இருந்த படமெல்லாம் போச்சு. கடைசியா முகத்தைக்கூட எனக்குக் காட்டல... பார்க்க வேணாம்னு மூடிட்டாங்க. ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துடணும்."

மச்சான் அதை வாங்கிக்கொண்டார். கார்டைச் செருகினார். ஒரே ஒரு கோப்புதான் மிச்சம். திறக்காமல் நிரலை ஓட்டினார். பிஎன்ஜி வகைப் படம். இருபத்துநாலு பிட்.

"முழு வண்ணம்மா. முகம் பளிச்சுன்னு வரும்."

அந்த அம்மா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தில் இருப்பவர் தன்னையும் பார்த்துவிடுவார் என்பது போலக் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

பழக்கதோஷம்... மச்சான் இன்னொரு முறை ஓட்டினார். எட்டு பிட். அதே கோப்பு, யாரும் தொடவில்லை. கோடிக்கணக்கில் இருந்த வண்ணத்தில் இருநூற்றைம்பத்தாறுதான் பாக்கி. கார்டு சரியாக உட்காரவில்லையோ என்று கழற்றித் துடைத்து மறுபடி செருகினார். நாலு பிட். வெறும் பதினாறு வண்ணம். கருகல் வாடை இப்போது அறை முழுக்க இருந்தது.

"திறந்துடுங்க தம்பி. எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"இருங்கம்மா. பதறின காரியம் சிதறிப் போயிடும். ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்."

டிக். ஒரு பிட்.

ஒரு பிட் என்றால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நடுவில் ஒன்றும் கிடையாது. தான் பார்க்கப் பார்க்கத்தான் படம் தேய்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கோப்பைத் திறந்தார்.

வெள்ளை வெளிச்சத்தில் ஒரு வாசல். அதில் கறுப்பாக ஓர் ஆள். கண் இல்லை, மூக்கு இல்லை... முன்பக்கமா முதுகா என்றுகூடத் தெரியவில்லை. வாசல் மட்டும் தெரிந்த வாசல். அவருடைய கடை வாசல்.

பின்னாலிருந்து வந்த வெயில் சட்டென்று மறைந்தது. சரக்... சரக்... கரித்துண்டு மேல் நடப்பது போல ஒரு சத்தம். மச்சானுக்குத் திரும்பிப் பார்க்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் வண்ணம் தானாக ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக் கதவு... மஞ்சள் வெயில்... எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. வாசலில் நின்ற ஆளைத்தான் காணோம்.

பெஞ்சு கிரீச்சிட்டது. அந்த அம்மா எழுந்து வாசல் பக்கம் ஓடினார்.

"வந்துட்டீங்களா..."

அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம். அப்புறம், மெதுவாக...

"ஏங்க... முகம் எங்கேங்க?"