படகு கிரீஸ்

— கம்ப்யூட்டரு எத்தன தடவக்கா அணைஞ்சுது?

— காலையிலேருந்து ஆறு தடவ, நிலோஃபர். போட்டு பத்து நிமிஷம் தாங்கல. ரெண்டு மணிக்கு வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட்டு. வேலைக்கு எடுக்கப்போறது ஒரே ஆளத்தான். நடுவுல அணைஞ்சா அவ்வளவுதான். ரிப்பேர் கடைக்கு லீவு போட்டிருந்த உன்னக் கூப்புட்டுட்டேன்.

— மணி ஒண்ணேகாலு. டார்ச்சப் புடிங்க, ஃபேனக் கழட்டுறேன். ஐயய்ய, யாருக்கா இப்படி அப்புனது?

— எங்க அண்ணன்தான். சொல்லுண்ணே, வாயத் தொறந்து.

— சத்தம் போடுதேன்னு நேத்து தூசி தட்டுனேன் பாப்பா. ஃபேனுக்கு அடியில வெள்ளையா ஏதோ காஞ்சு கெடந்துச்சு. சொரண்டிட்டு, நம்ம படகு எஞ்சின் கிரீஸ வச்சேன். அசல் கிரீஸு.

— இவ்வளவா?

— கஞ்சத்தனம் பண்ணுனா எஞ்சின் நடுக்கடல்ல நின்னுடும்.

— இங்க எதுவும் உரசலண்ணே. சிப்புல கெளம்புற சூடு இந்த அலுமினியக் கட்டைக்கு ஏறணும். நடுவுல காத்து நின்னா ஏறாது. அந்த எடத்த அடைக்கத்தான் பேஸ்ட்டு. நீங்க சொரண்டுனது அதைத்தான்.

— அடி ஆத்தி.

— சானிடைசர் இருக்கா? பழைய பனியன் துணியும் வேணும்.

— இந்தா. பாவம், அதுலேருந்து அண்ணன் சோறே திங்கல.

— நீ மொறைக்காம இருந்தா தின்னுருப்பேன்.

— துடைச்சாச்சு. இப்பப் பாருங்க, பச்சப்பயறு அளவு பேஸ்ட்டு.

— இத்துனூண்டா? வேதாரண்யத்துல கெடைக்குதா இது?

— நாகப்பட்டினத்துல வாங்குனது. அழுத்துனா தானாப் பரவும். நாலு ஸ்க்ரூவையும் ஒரே பக்கமா முடுக்கக் கூடாது...

— மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமா. சிலிண்டர் ஹெட்டும் அப்படித்தான். குடு.

— இவ்வளவு சமமா நான்கூட முடுக்க மாட்டேண்ணே.

— கேட்டியா அனுசுயா?

— கேட்டேன், கேட்டேன். சுவிட்சப் போடவா?

— போடுங்க. சூடு முப்பத்தெட்டு டிகிரி. கொஞ்ச நேரம் ஓடட்டும்.

— பத்து நிமிஷம் தாண்டிடுச்சு!

— சூடு நாப்பத்தொண்ணுதான். இனிமே அணையாதுக்கா.

— உனக்கு என்னடி சொல்றது? ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு வெளியூரு வேலைக்குப் போவ முடியாம கெடந்தேன். வீட்டுலேருந்தே பாக்குற வேலை இது ஒண்ணுதான் வந்துச்சு. நல்லா இருப்ப.

— உக்காரு பாப்பா. வாளமீன் கொழம்பு இருக்கு, ரெண்டு வாய் சாப்புட்டுப் போ.

— இன்னொரு நாள் வர்றேண்ணே. வழி விடுங்க, ரெண்டு மணிக்கு எனக்கும் அதே டெஸ்ட்டு.